போர் முடிந்த பிறகும் அரசு ஏன் சுருங்குவதில்லை? லிபர்டேரியன் வாதமும் அதன் ஓட்டைகளும்

வரப்போரம் எழுதியது:

அமெரிக்க அரசியலைக் கவனிக்கிறவர்களுக்கு இந்த வேடிக்கை புதிதல்ல. கல்வித் துறையை மூடு, உணவு உதவியை வெட்டு, அரசு நம் வாழ்க்கையில் மூக்கை நுழைக்காமல் இருக்கட்டும் என்று முழங்குகிற அதே காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) உறுப்பினர், ராணுவ பட்ஜெட் வந்ததும் ராணுவத் தலைமையகமான பென்டகன் கேட்டதற்கு மேலேயே அள்ளிக் கொடுப்பார். கேட்டால் அது வேறு, இது வேறு என்பார்.

அரசு முடிந்தவரை சிறியதாக இருக்க வேண்டும் என்கிற லிபர்டேரியன்களிடம் எனக்குப் பிடித்தது, அது வேறு அல்ல என்று அவர்கள் சொல்வது. வரி என்றாலே திருட்டு, சாலையையும் தனியாரிடம் விடு என்கிற மற்ற பேச்சுகளில் எனக்குப் பாதி செரிக்காது. போர் விஷயத்தில் மட்டும் அவர்கள் கை ஓங்கியே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் இன்றைய வருமான வரி 1913ல் வந்தபோது மிகப் பெரிய பணக்காரருக்கே 7 சதவீதம்தான். ஐந்தே வருடத்தில், 1918ல், உச்ச விகிதம் 77. நடுவில் வந்தது முதல் உலகப் போர். மத்திய அரசின் செலவு 1916ல் சுமார் 70 கோடி டாலர், 1919ல் 1,850 கோடி. போர் முடிந்ததும் இறங்கியது உண்மை. ஆனால் 1920களில் ஏறத்தாழ 300 கோடியில் நின்றுவிட்டது. விலைவாசி ஏறியதைக் கழித்தாலும் பழைய மட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

ராபர்ட் ஹிக்ஸ் என்ற பொருளாதார வரலாற்றாளர் 1980களில் இதை விரிவாக எழுதினார். நெருக்கடியில் அரசு ஊதும், முடிந்ததும் கொஞ்சம் வடியும், பழைய இடத்துக்கு மட்டும் வராது. ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் பற்சக்கரம் மாதிரி. அவருக்கு வெகு காலம் முன்பே, 1918ல் காய்ச்சலில் செத்துப்போன ராண்டால்ஃப் போர்ன், போர்தான் அரசின் ஆரோக்கியம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் இடதுசாரிப் பக்கம் நின்றவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செலவைக் குறைக்கச் சொல்லிவிட்டு ராணுவத்தை மட்டும் தொடாதே என்பவரைச் சிறிய அரசின் ஆதரவாளராக நான் எடுத்துக்கொள்வதில்லை. மறுப்பவர்கள் வரலாம்.

பொன்னிக்கரை எழுதியது:

மறுக்கிறேன் சார்.

ஹிக்ஸின் பற்சக்கரம் கேட்க அழகாக இருக்கிறது. 1945ல் அமெரிக்க அரசின் செலவு சுமார் 9,270 கோடி டாலர், 1948ல் சுமார் 2,980 கோடி. மூன்று வருடத்தில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. போர் முடியும்போது ஒரு கோடியே இருபது லட்சம் பேர் சீருடையில் இருந்தார்கள், 1947ல் சுமார் பதினாறு லட்சம். இதைச் சுருங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? நீங்கள் சொன்ன அந்த 77 சதவீதமும் 1925க்குள் 25 ஆகிவிட்டது. அதே காலத்தில் போர்க்கடனும் குறைந்துகொண்டே வந்தது.

அடுத்து, ஸ்வீடன் கடைசியாகப் போர் செய்தது 1814ல். இரண்டு உலகப் போரிலும் நடுநிலை. உங்கள் கோட்பாட்டின்படி உலகத்திலேயே மிகச் சிறிய அரசு அங்கேதான் இருக்க வேண்டும். 1990களில் அந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் அரசுச் செலவு.

அமெரிக்காவிலேயே பெரிய செலவு எது? 2024ல் முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி மட்டும் மத்திய அரசுச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ராணுவம் சுமார் 13 சதவீதம். அந்த ஓய்வூதியம் 1935ல் வந்தது, போர்க்காலத்தில் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுக் கேட்டு வாங்கியது.

சும்மா பார்க்க வந்தவன் எழுதியது:

ஸ்வீடன் வந்துவிட்டது. இனி இந்த இழை பத்துப் பக்கம் போகும்.

வரப்போரம் எழுதியது:

பொன்னிக்கரை, 1935 போர்க்காலம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹிக்ஸ் சொன்னது நெருக்கடி என்று. போர் அதில் ஒன்று, 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் இன்னொன்று. ஸ்வீடனுக்கு அது பதிலாகாது, தெரியும். போர் மட்டுமே அரசை வளர்க்கும் என்று யாராவது சொன்னால் ஸ்வீடனைக் காட்டி வாயை அடைக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொன்று, செலவு ஒரு அளவுகோல்தான். அதிகாரம் வேறு அளவுகோல். ஓய்வூதியம் கொடுக்கும் அரசு என் பணத்தை எடுக்கிறது, சரி. போர் நடத்தும் அரசு என்னையே எடுக்கிறது. 1917ல் உளவுச் சட்டம் வந்தது. பேர் உளவு. 1918 ஜூனில் ஒஹையோ மாநிலம் கேன்டனில் போருக்கு எதிராகப் பேசியதற்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு அதே சட்டத்தில் பத்து வருடச் சிறை. சிறையில் இருந்தபடியே 1920ல் ஜனாதிபதி தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். போர் முடிந்து மூன்று வருடம் கழித்து, 1921 கடைசியில்தான் ஜனாதிபதி ஹார்டிங் அவரை வெளியே விட்டார். சட்டம் இன்றும் இருக்கிறது. 2013ல் அரசின் கண்காணிப்பு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் மேல் பாய்ந்ததும் அதுதான். உங்கள் 1948 செலவுப் பட்டியலில் இது எந்த வரியில் வரும்?

வழக்காடி எழுதியது:

அதிகாரம் என்று வந்ததால் நானும் நுழைகிறேன். இந்த விவகாரத்தின் உண்மையான ருசி இங்கேதான் இருக்கிறது, பட்ஜெட்டில் அல்ல.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவில் போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு. ஜனாதிபதி படைத் தலைவர் மட்டுமே. கடைசியாக காங்கிரஸ் முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. அதற்கப்புறம் கொரியா, வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான் என்று எத்தனை? ஒன்றுக்கும் போர் அறிவிப்பு கிடையாது.

வியட்நாமில் சூடுபட்ட காங்கிரஸ் 1973ல், ஜனாதிபதி நிக்ஸன் வீட்டோ செய்ததையும் மீறி ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜனாதிபதி தன் இஷ்டத்துக்குப் படையை இறக்கினால் 60 நாளுக்குள் அனுமதி வாங்கு, இல்லாவிட்டால் நிறுத்து என்று. 2011ல் லிபியாவில் குண்டு போட ஆரம்பித்து 60 நாள் தாண்டியது. ஒபாமா அரசின் வாதம் என்ன தெரியுமா? நடப்பது அந்தச் சட்டம் சொல்கிற அளவுக்கான சண்டையே அல்ல, அதனால் 60 நாள் கணக்கு ஓடாது என்றார்கள். விமானம் பறக்கிறது, குண்டு விழுகிறது, சண்டை மட்டும் இல்லை. வக்கீல் தொழிலில் இருக்கிற எனக்கே கூச்சமாக இருந்தது.

2001 செப்டம்பரில் நிறைவேறிய, ராணுவ பலத்தைப் பயன்படுத்துவதற்கான அனுமதித் தீர்மானம் இன்னும் மோசம். அதன் மையப் பகுதி ஆங்கிலத்தில் வெறும் 60 வார்த்தை. செப்டம்பர் 11 தாக்குதலைச் செய்தவர்கள், அவர்களுக்கு உதவியவர்கள், அடைக்கலம் கொடுத்தவர்கள் மீது பலம் பயன்படுத்தலாம் என்று. முடிவு தேதி இல்லை, நாட்டுப் பெயர் இல்லை. அதே அனுமதியைக் காட்டித்தான் 2014க்குப் பிறகு ஈராக்கிலும் சிரியாவிலும் இருந்த ஐஎஸ் அமைப்பின் மீதும் தாக்கினார்கள். அல்கொய்தாவே தன்னிடமிருந்து விலக்கிவைத்த அமைப்பு அது. 2011ல் ஏமனில் அன்வர் அல் அவ்லாகி என்ற அமெரிக்கக் குடிமகனை விசாரணை இல்லாமல் ட்ரோனில் கொன்றார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தாக்குதலில் அவருடைய பதினாறு வயது மகனும் செத்தான். அவனும் அமெரிக்கக் குடிமகன்.

ஆனால் இதில் லிபர்டேரியன்கள் தனியாகப் பெருமை கொண்டாட முடியாது. அந்த 2001 தீர்மானத்தை கீழவையில் 420 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தது ஒரே ஒருவர், பார்பரா லீ. கலிஃபோர்னியாவின் இடதுசாரி ஜனநாயகக் கட்சிக்காரர். லிபர்டேரியன்களின் கதாநாயகனான குடியரசுக் கட்சி உறுப்பினர் ரான் பால் ஆதரித்தே வாக்களித்தார்.

வரப்போரம் எழுதியது:

வழக்காடி சார், ரான் பால் விஷயம் சரிதான். 2002ல் ஈராக் தீர்மானத்தை கீழவையில் எதிர்த்த ஆறு குடியரசுக் கட்சிக்காரர்களில் அவர் ஒருவர் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அப்போது குழுவில் ஒரு வேலை செய்தார். போருக்குத்தான் போகிறீர்கள் என்றால் நேராகப் போர் அறிவியுங்கள் என்று தானே ஒரு திருத்தம் கொண்டுவந்து, அதை நானே எதிர்த்து வாக்களிப்பேன் என்றும் சொன்னார். பொறுப்பை யாரும் ஏற்கத் தயாரில்லை என்று காட்டுவதற்காக.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தணிக்கை வேலையில் பல வருடம் ஓட்டியவன் என்பதால் பென்டகன் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

முழுத் தணிக்கை முதல்முறை நடந்தது 2018ல். அன்றிலிருந்து ஒரு தடவைகூடத் தேறவில்லை. பணம் திருடுபோனது என்று இதற்கு அர்த்தம் இல்லை, பலர் அப்படி எழுதுகிறார்கள், அது தப்பு. எந்தக் கிடங்கில் என்ன உதிரிபாகம் கிடக்கிறது, எந்தக் கணக்கு எதோடு ஒத்துப்போகிறது என்று ஆவணத்தால் நிரூபிக்க முடியவில்லை என்று அர்த்தம். ஆனால் ஒரு தனியார் கம்பெனி வருடா வருடம் இந்த நிலையில் இருந்தால் எந்த பேங்கும் கடன் கொடுக்காது. இங்கே ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் ஏறுகிறது.

ஏன் ஏறுகிறது என்பதற்கு டாங்கிக் கதை போதும். 2012ல் தரைப்படைத் தலைமைத் தளபதி ஓடியர்னோ காங்கிரஸில் வந்து, எங்களுக்கு இப்போதைக்கு ஏப்ரம்ஸ் டாங்கி போதும், புதுப்பிக்கும் வேலையைச் சில வருடம் நிறுத்திப் பணத்தை மிச்சப்படுத்துகிறோம் என்கிறார். படைக்காரரே வேண்டாம் என்கிறார். காங்கிரஸ் கேட்கவில்லை, பணம் ஒதுக்கியது. டாங்கி வேலை நடக்கும் ஆலை ஒஹையோவின் லைமா ஊரில். உதிரிபாகம் செய்கிறவர்கள் பல மாநிலங்களில். யாருடைய தொகுதியில் வேலை போகும் என்பதுதான் கேள்வி. பாதுகாப்பு அப்புறம்.

ராணுவத் தளங்களும் அப்படித்தான். தேவையற்ற தளத்தை மூட வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், என் தொகுதித் தளத்தைத் தவிர. கடைசியில் 1988ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தனி ஆணையம் பட்டியல் போடும், காங்கிரஸ் முழுசாக ஏற்கலாம் அல்லது முழுசாகத் தள்ளலாம், நடுவில் ஒன்றை உருவ முடியாது. ஐந்து சுற்றில் நிறைய தளங்கள் மூடப்பட்டன. கடைசிச் சுற்று 2005. அதற்கப்புறம் இன்னொரு சுற்று வேண்டும் என்று பென்டகனே பல தடவை கேட்டும் காங்கிரஸ் அனுமதிக்கவில்லை.

1961 ஜனவரியில் ஜனாதிபதி ஐசனோவர் பதவியிலிருந்து விடைபெறும்போது ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோக்கும் ஆபத்தைப் பற்றி எச்சரித்தார். அந்தக் கூட்டணியில் மூன்றாவது ஆள் தொகுதி உறுப்பினர் என்பது என் அனுபவக் கருத்து. சொல்லப்போனால் அவர்தான் முதல் ஆள்.

பொன்னிக்கரை எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. வீண்செலவை எதிர்க்க லிபர்டேரியனாக இருக்கத் தேவையும் இல்லை.

எனக்குப் பிரச்சினை அடிப்படையிலேயே இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். லிங்கன் ஹேபியஸ் கார்பஸை (சிறைபிடித்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் உரிமை) நிறுத்தினார், பத்திரிகைகளை மூடினார்கள், 1863ல் கட்டாய ராணுவச் சேர்ப்பு, நாட்டின் முதல் வருமான வரியும் அப்போதுதான். லிபர்டேரியன் அஞ்சுகிற அத்தனையும் நடந்தது. கூடவே சுமார் நாற்பது லட்சம் மனிதர்கள் அடிமை நிலையிலிருந்து விடுபட்டார்கள். அரசின் பலம் இல்லாமல் அது எப்போது நடந்திருக்கும்? இன்னொரு தலைமுறை காத்திருக்கட்டும் என்று யார் சொல்வது, யாரிடம் சொல்வது?

லைசாண்டர் ஸ்பூனரை லிபர்டேரியன்கள் முன்னோடி என்கிறார்கள். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர், தெற்கைப் பலவந்தமாக இணைத்து வைப்பதையும் எதிர்த்தவர். கொள்கை சுத்தம். அந்தச் சுத்தத்துக்கான விலையைக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் தோட்டங்களில் இருந்த அடிமைகள்.

நிலவன் எழுதியது:

இந்தக் கேள்விக்கு நேர்மையான லிபர்டேரியன் திணறத்தான் வேண்டும். பிரேசில் 1888ல் போர் இல்லாமலே அடிமை முறையை ஒழித்தது, பிரிட்டன் உடைமையாளர்களுக்கு நஷ்டஈடு கொடுத்து ஒழித்தது என்று சிலர் சொல்வார்கள். தெற்கு மாநிலங்கள் அடிமைகளுக்காகவே பிரிந்துபோயின, நஷ்டஈட்டை யார் வாங்கியிருப்பார்கள்?

ஆனால் பொன்னிக்கரை, நீங்கள் ஒரு போரைக் காட்டி எல்லாப் போருக்கும் சீட்டு எழுதிக் கொடுக்க முடியாது. இரண்டாம் உலகப் போரும் நியாயமான போர்தான் என்பேன். அதற்குள்ளேயே 1942ல் ரூஸ்வெல்ட்டின் ஒரு உத்தரவில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். உச்ச நீதிமன்றம் 1944ல் அதைச் சரி என்றது. மன்னிப்பும் ஆளுக்கு 20,000 டாலரும் வந்தது 1988ல், பலர் செத்த பிறகு. போர் நியாயமாக இருந்தால் அதிகாரம் நியாயமாக நடக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நான் லிபர்டேரியன் அல்ல, இந்த ஒரு சந்தேகத்தை மட்டும் அவர்களிடமிருந்து கடன் வாங்கிக்கொள்கிறேன்.

சும்மா பார்க்க வந்தவன் எழுதியது:

கட்டாய ராணுவச் சேர்ப்பை ஒழித்தது இந்த ஆட்கள்தானே? அதையாவது பாராட்டுங்கப்பா.

நிலவன் எழுதியது:

பெரிய பங்கு உண்டு. கட்டாயச் சேர்ப்பை நிறுத்தலாமா என்று ஆராய நிக்ஸன் அமைத்த கேட்ஸ் ஆணையத்தில் பொருளாதார அறிஞர்கள் மில்டன் ஃப்ரீட்மனும் ஆலன் கிரீன்ஸ்பானும் இருந்தார்கள். 1970ல் அறிக்கை, 1973ல் கட்டாயச் சேர்ப்பு நின்றது. விசாரணையில் தளபதி வெஸ்ட்மோர்லாண்ட், கூலிப்படைக்குத் தலைமை தாங்க எனக்கு விருப்பமில்லை என்றாராம். அடிமைப்படைக்குத் தலைமை தாங்கத்தான் விருப்பமா என்று ஃப்ரீட்மன் திருப்பிக் கேட்டாராம். ஃப்ரீட்மன் தரப்பில் அடிக்கடி சொல்லப்படும் கதை, அதனால் அவருக்கே வெற்றி.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம். என் பையனைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் இருந்தவரை வியட்நாமுக்கு எதிராகத் தெருவில் கூட்டம் சேர்ந்தது. சம்பளத்துக்குச் சேரும் படை வந்த பிறகு ஆப்கானிஸ்தானில் இருபது வருடம் ஓடியது, பெரும்பாலான வீடுகளுக்கு அது செய்தி மட்டுமே. நல்ல சீர்திருத்தம்தான், அதே சமயம் போரை மலிவாக்கியும் விட்டது.

வரப்போரம் எழுதியது:

மலிவாக்கியது கடன்தான் என்பேன். கொரியப் போருக்கு ட்ரூமன் வரியைக் கூட்டினார். 2003ல் என்ன நடந்தது? மார்ச்சில் ஈராக்கில் நுழைந்தார்கள், மே மாதம் வரியைக் குறைத்தார்கள். போருக்கு முன்னால் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்ஸி 10,000 கோடியிலிருந்து 20,000 கோடி டாலர் ஆகலாம் என்று சொன்னார். வெள்ளை மாளிகைக்குப் பிடிக்கவில்லை. 2002 டிசம்பருக்குள் ஆள் வெளியே. பட்ஜெட் அதிகாரி 5,000 முதல் 6,000 கோடி என்றார். கடைசியில் லிண்ட்ஸி சொன்னதையும் பல மடங்கு தாண்டியது. அவசரக் கூடுதல் ஒதுக்கீடு என்று தனியாக எழுதிக்கொண்டதால் வழக்கமான பட்ஜெட் சண்டையில் இந்தப் பணம் வரவே இல்லை.

வலதுசாரிகளில் ஒரு நம்பிக்கை உண்டு, வரியைக் குறைத்தால் பசியில் அரசு தானாகச் சுருங்கும் என்று. ரீகனின் ஆலோசகராக இருந்து, பிறகு கேட்டோ என்ற லிபர்டேரியன் ஆய்வு நிறுவனத்தில் தலைவராக இருந்த வில்லியம் நிஸ்கானன் இதைப் புள்ளிவிவரத்தோடு சோதித்தார். நேர்மாறாக வந்தது. வரி குறைந்த காலங்களில் செலவு கூடியிருந்தது. பில் கைக்கு வராதபோது மக்கள் இன்னும் கேட்கிறார்கள். சொந்த முகாமின் நம்பிக்கையை உடைத்த லிபர்டேரியன் அவர், ஈராக் போரையும் எதிர்த்தவர்.

பொன்னிக்கரை எழுதியது:

அப்படியானால் போர் வரிக்கு நீங்கள் ஆதரவா? பொருளாதாரத்தின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித்தே சொன்னதுதான், போர்ச் செலவை அந்தந்த வருடத்து வரியிலிருந்து எடுத்தால் போர்கள் சீக்கிரம் முடியும், தேவையில்லாமல் தொடங்கவும் மாட்டார்கள் என்று. ஆனால் அது புது வரி. லிபர்டேரியன் வாயிலிருந்து வருமா?

வரப்போரம் எழுதியது:

என் வாயிலிருந்து வரும். ஒரு நிபந்தனை. சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பிடித்தமும் போர்க் கண்டுபிடிப்புதான். 1939ல் சுமார் 40 லட்சம் அமெரிக்கர்கள் வருமான வரி கட்டினார்கள், 1945ல் 4 கோடிக்கு மேல். 1943ல் சம்பளப் பிடித்தம் வராமல் இது முடிந்திருக்காது. அதை வடிவமைத்த கருவூலக் குழுவில் இளம் மில்டன் ஃப்ரீட்மன் இருந்தார், பிற்காலத்தில் அவருக்கே அது உறுத்தியது. போர் வரியை ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டுத் தனி செக்காகக் கொடுக்கட்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஸ்மித் சொன்னதை கொரியாவுக்குப் பிறகும் அமெரிக்கா ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறது, அதனால் இதைப் போட்டுவிட்டுப் போகிறேன். 1968 ஜூனில் வியட்நாம் செலவுக்காக ஜனாதிபதி ஜான்சன் வருமான வரி மேல் 10 சதவீதக் கூடுதல் வரி போட்டார். அதற்கு ஈடாக செலவு வெட்டையும் காங்கிரஸ் கேட்டு வாங்கியது. 1969 நிதியாண்டில் பட்ஜெட் உபரி. அப்புறம் 1998 வரை உபரியே கிடையாது. ஆகக் கணக்குச் சரியானது.

அதே 1969 வசந்தத்தில்தான் வியட்நாமில் அமெரிக்கப் படை உச்சம் தொட்டது, ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். கூடுதல் வரி 1970ல் காலாவதியானது. அமெரிக்காவின் போர் 1973 வரை ஓடியது.

வரப்போரம் எழுதியது:

மூன்று வருடம் தாமதமாகப் போட்ட வரி அது அண்ணா. 1965ல் படையை இறக்கும்போதே போட்டிருந்தால்?

பொன்னிக்கரை எழுதியது:

1965ல் போட்டிருந்தால் ஜான்சனின் மருத்துவக் காப்பீடும் வறுமை ஒழிப்புத் திட்டங்களும் காங்கிரஸில் செத்திருக்கும். அதற்குப் பயந்துதான் அவர் போரின் செலவை அடக்கியே வாசித்தார். போர், நலத்திட்டம் இரண்டும் ஒன்றாகச் செத்தால் உங்கள் லிபர்டேரியன்களுக்குச் சந்தோஷம். எனக்குப் போர் மட்டும்தான் சாக வேண்டும். அடுத்த பக்கத்தில் இதைப் பேசலாமா?